கர்ப்பிணிக்குச் சர்க்கரைப் பரிசோதனை நம் ஊரிலேயே நடக்க வேண்டும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. பத்தாவது வரைக்கும்தான் படித்தேன். குழுவில் தீர்மான நோட்டு எழுதுவேன், அவ்வளவுதான். தலைவி அக்கா வந்து, "ஆண்டு விழாவில் ஏதாவது பேசும்மா" என்று சொன்னபோது, சேமிப்பைப் பற்றியும் கடனைப் பற்றியும் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் என் உடம்பில் பட்ட ஒரு விஷயத்தைப் பேசுகிறேன் என்று சொன்னேன். அதனால் பேப்பரில் எழுதிக் கொண்டு வந்திருக்கிறேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பேசப்போவது கர்ப்பகாலச் சர்க்கரையைப் பற்றி. அதிலும் ஒரே ஒரு கேள்விதான். அந்த டெஸ்டை எங்கே வைத்து எடுப்பது?

"எங்கே எடுத்தால் என்ன, டெஸ்ட் டெஸ்டுதானே" என்று நீங்கள் கேட்கலாம். எடுக்கிற இடம் தூரமாக இருந்ததால் என்ன ஆனது என்று முதலில் சொல்கிறேன்.

என் மூத்த பொண்ணு இப்போது ஒன்பதாவது படிக்கிறாள். அவள் வயிற்றில் இருக்கும்போது எனக்கு 21 வயது. ஆறாம் மாசம் சுகர் டெஸ்ட் எடுக்கணும், வெறும் வயிற்றில் போகணும் என்று சொன்னார்கள். எடுக்கிற இடம் எங்கள் ஊரில் இருந்து இரண்டு பஸ் மாறிப் போகணும். காலையில் ஒரு பஸ், அதை விட்டால் மத்தியானம்தான். வீட்டுக்காரர் வேலைக்குப் போயிட்டார். தனியாகத்தான் போனேன். பச்சைத் தண்ணி கூடக் குடிக்கவில்லை. அங்கே போய் வரிசையில் நின்று, குளுக்கோஸ் தண்ணியைக் கொடுத்தார்கள். குடித்த கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து புளிய மரத்தடியில் எல்லாவற்றையும் வாந்தி எடுத்துவிட்டேன். உள்ளே போய்ச் சொன்னால், "அப்போ இன்னைக்கு எடுக்க முடியாது, இன்னொரு நாள் வாங்க" என்றார்கள். பஸ்ஸுக்கு நேரம் ஆகிவிட்டது. தலையைச் சுற்றியது. வந்துவிட்டேன்.

அந்த "இன்னொரு நாள்" வரவே இல்லை. மறுபடி அவ்வளவு தூரம் போக மனசு வரவில்லை. எங்கள் அத்தையும், "நமக்கெல்லாம் எங்கம்மா சக்கரை வரப்போகுது, அது உட்கார்ந்து திங்கிறவங்களுக்கு வர்ற வியாதி" என்று சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எனக்கும் அதுக்கு மேல் தெரியாது.

பிள்ளை பிறந்தபோது 4 கிலோ 300 கிராம். ஆபரேஷன் பண்ணித்தான் எடுத்தார்கள். "நல்லா கொழுகொழுன்னு இருக்கு, ராசாத்தி" என்று எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். இரண்டு மணி நேரம் கழித்துப் பிள்ளைக்குக் கை கால் நடுங்க ஆரம்பித்தது. சர்க்கரை இறங்கிவிட்டது என்று சொல்லித் தூக்கிக்கொண்டு போய், பச்சைப் பிள்ளைகளை வைக்கிற வார்டில் மூன்று நாள் வைத்தார்கள். தையல் போட்ட வயிற்றோடு நான் ஒரு கட்டிடத்தில், பால் குடிக்க வேண்டிய பிள்ளை இன்னொரு கட்டிடத்தில். அந்த மூன்று நாளை என்னால் இன்றைக்கும் மறக்க முடியாது.

அப்புறம்தான் ஒரு டாக்டரம்மா எனக்குப் புரிகிற மாதிரிச் சொன்னார். அம்மா ரத்தத்தில் சர்க்கரை கூடினால் அது கொடி வழியாகப் பிள்ளைக்கும் போகும். அந்தச் சர்க்கரையைச் சமாளிக்க வயிற்றில் இருக்கிற பிள்ளை இன்சுலினை அதிகமாகச் சுரக்கும். பிள்ளை பெருத்துப் போகும். பிறந்து கொடியை வெட்டினதும் அம்மாவிடம் இருந்து வந்த சர்க்கரை நின்றுவிடும். ஆனால் பிள்ளை உடம்பில் இன்சுலின் அப்படியே இருக்கும். அதனால்தான் சர்க்கரை மடமடவென்று இறங்கும். கொழுகொழுவென்று இருப்பதெல்லாம் ஆரோக்கியம் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அன்றைக்குத்தான் விஷயம் தெரிந்தது.

என் விஷயத்தில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. இடம் தூரம், பஸ் இல்லை, வாந்தி வந்தது. அவ்வளவு சின்னக் காரணம்தான்.

இப்போது அந்த டெஸ்ட் எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். கவனமாகக் கேளுங்கள். 75 கிராம் குளுக்கோஸ் பவுடரை ஒரு பெரிய டம்ளர் தண்ணியில், ஏறத்தாழ 300 மில்லி, கரைத்துக் கொடுப்பார்கள். ஐந்து பத்து நிமிஷத்துக்குள் குடித்துவிட வேண்டும். சரியாக இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் பார்ப்பார்கள். 140-க்குக் கீழே இருந்தால் சரி. 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. குடித்து அரை மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் மறுநாள் திரும்பச் செய்ய வேண்டும். அரை மணிக்கு அப்புறம் வாந்தி வந்தால் டெஸ்டை நிறுத்த வேண்டியது இல்லை, தொடரலாம்.

முக்கியமான விஷயம், இதற்கு வெறும் வயிற்றில் போக வேண்டும் என்கிற கட்டாயமே கிடையாது. சாப்பிட்டிருந்தாலும் எடுக்கலாம். நம்மை மாதிரி ஊர்ப் பெண்களுக்காகவே யோசித்து வைத்த முறை இது. இதை முன்னின்று கொண்டு வந்தவர்களில் ஒருவர் சென்னையைச் சேர்ந்த டாக்டர் வீ. சேஷய்யா. அவருடைய பிறந்தநாளான மார்ச் 10-ஐத்தான் நம் நாட்டில் கர்ப்பகாலச் சர்க்கரை நோய் விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். கர்ப்பிணிகள் எல்லாருக்கும் இந்த டெஸ்ட் பார்க்க வேண்டும் என்று நம் தமிழ்நாட்டு அரசு 2007-லேயே உத்தரவு போட்டிருக்கிறது. "எல்லாருக்கும்" என்பதைக் கவனிக்க வேண்டும். குண்டாக இருப்பவர்களுக்கு, வயதானவர்களுக்கு, அப்பா அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பவர்களுக்கு மட்டும் இல்லை. சென்னையிலும் சுற்று வட்டாரத்திலும் 2005 முதல் 2007 வரை நடத்திய ஆய்வில் நகரத்தில் 100 கர்ப்பிணிகளுக்கு 17, 18 பேருக்கும், கிராமத்தில் 100-க்கு ஏறத்தாழ 10 பேருக்கும் இருந்தது. அதாவது வயல் வேலை பார்க்கிற பெண்களிலும் பத்துக்கு ஒருத்திக்கு. நான் அந்தப் பத்தில் ஒருத்தி.

வெறும் வயிறு வேண்டாம், பெரிய மிஷின் வேண்டாம். ஒரு பாக்கெட் குளுக்கோஸ், ஒரு டம்ளர், ஒரு குளுக்கோமீட்டர், ஒரு கடிகாரம். இவ்வளவு போதும் என்றால் அதை எதற்கு இரண்டு பஸ் ஏறிப் போய் எடுக்க வேண்டும்? எடை பார்க்க, பிரஷர் பார்க்க, சத்து மாத்திரை வாங்க நாம் மாசாமாசம் எங்கே போகிறோமோ, அங்கேதான் இதையும் எடுக்க வேண்டும். நம் ஊர் சப் சென்டர். இல்லையென்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம். இதுதான் நான் சொல்ல வந்தது.

"விரல் நுனியில் குத்திப் பார்க்கிறது சரியா இருக்குமா, பெரிய லேபில் எடுத்தால்தானே சரியா வரும்" என்று சிலர் கேட்கிறார்கள். இந்த டெஸ்டுக்குக் குளுக்கோமீட்டரை உபயோகிக்கலாம் என்று அரசு வழிகாட்டியிலேயே இருக்கிறது. ஸ்ட்ரிப் டப்பாவில் தேதி முடிந்திருக்கக் கூடாது, கையில் சர்க்கரை ஒட்டியிருக்கக் கூடாது, நேரம் சரியாக இரண்டு மணி ஆகியிருக்க வேண்டும். இதை நாமும் பார்த்துக்கொள்ளலாம். காசு கொடுத்து வெளியில் எடுத்துவிட்டு, வெறும் வயிற்று ரத்தம் நார்மல் என்று பேப்பரைக் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அது மட்டும் போதாது அக்கா. வெறும் வயிற்றில் சரியாக இருந்து, சாப்பிட்ட பிறகு ஏறுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர்.

டெஸ்ட் பக்கத்தில், பிரசவம் வசதி உள்ள இடத்தில். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரைப் பார்க்க வேண்டும். பிரசவத்துக்கு, ஆபரேஷனும் பச்சைப் பிள்ளை வார்டும் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு அவர்கள் எழுதிக் கொடுத்தால் மறுக்காமல் போக வேண்டும். பக்கத்தில் டெஸ்ட் எடுத்தால்தான் அந்த முடிவையே முன்கூட்டி எடுக்க முடியும்.

டெஸ்டை எப்போது எடுப்பது என்பதிலும் நம் வழக்கத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. டெஸ்டை இரண்டு தடவை எடுக்க வேண்டும். கர்ப்பம் என்று தெரிந்து முதல் தடவை பதிவு பண்ணப் போகும்போது ஒன்று. அது சரியாக இருந்தால் 24 வாரத்தில் இருந்து 28 வாரத்துக்குள் இன்னொன்று. நம் கணக்கில் அது ஆறாம் மாசமும் ஏழாம் மாசமும். அந்த நேரத்தில் நம் வீடுகளில் என்ன நடக்கும்? வளைகாப்பு! அம்மா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். இங்கே இருக்கிற நர்சம்மா, "அம்மா ஊரில் எடுத்திருப்பாள்" என்று நினைப்பார். அந்த ஊர் நர்சம்மா, "மாமியார் ஊரில் எடுத்துட்டுத்தானே வந்திருப்பாள்" என்று நினைப்பார். இரண்டு ஊருக்கு நடுவில் டெஸ்ட் விட்டுப்போகும்.

எங்கள் வீட்டிலேயே இது நடக்க இருந்தது. என் ஓரகத்தி போன வருஷம் உண்டாகியிருந்தாள். அவளிடம் கேட்டுத்தான் இதைச் சொல்கிறேன். மூன்றாம் மாசம் நம் சப் சென்டரில் எடுத்த டெஸ்டில் 118. எல்லாருக்கும் நிம்மதி. ஆறாம் மாசம் முடிகிற சமயம், அவள் அம்மா வந்து வளைகாப்புக்கு நாள் குறித்துவிட்டார். "இரண்டாவது டெஸ்ட் எடுக்கணுமே" என்றேன். "அதான் ஒரு தடவை எடுத்தாச்சே அக்கா, நார்மல்னுதானே வந்துச்சு. வேணும்னா அம்மா வீட்டுக்குப் போய் எடுத்துக்கிறேன்" என்றாள். நானும் அந்த வயதில் அப்படித்தானே பேசினேன்!

நான் விடவில்லை. வளைகாப்புக்கு நாலு நாள் முன்னால், காலையில் இட்லி சாப்பிட வைத்து, கையைப் பிடித்துச் சப் சென்டருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நடந்தே போனோம், பத்து நிமிஷம். குளுக்கோஸ் தண்ணியில் கொஞ்சம் எலுமிச்சம் பழம் பிழிந்து கொடுத்தார் நர்சம்மா. குமட்டல் தெரியவில்லை. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினோம். பார்த்தால் 152.

அவள் அழுதுவிட்டாள். "மூணு மாசம் முன்னாடி சரியாத்தானே இருந்துச்சு" என்று கேட்டாள். கர்ப்பத்தில் மாசம் ஏற ஏற உடம்பில் சுரக்கிற சில நீர்கள் இன்சுலினை வேலை செய்ய விடாது, அதனால்தான் முதலில் சரியாக இருந்தாலும் ஆறாம் மாசத்துக்கு மேல் ஏறும் என்று நர்சம்மா சொன்னார். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எழுதிக் கொடுத்தார்.

வளைகாப்பை நாங்கள் நிறுத்தவில்லை. கலவைச் சாதம், லட்டு, வாழைப்பழம் எல்லாம் வந்தவர்களுக்குப் போட்டோம். அவளுக்கு எல்லாவற்றிலும் ஒரு வாய் மட்டும். இரண்டு வாரம் சாப்பாட்டை மட்டும் மாற்றச் சொன்னார்கள். பட்டினி கிடக்கக் கூடாது, சோற்றை அடியோடு நிறுத்தவும் கூடாது. மூன்று வேளையில் குவித்துச் சாப்பிடுவதைக் குறைத்து, நடுவில் சுண்டல், மோர், முட்டை என்று பிரித்துச் சாப்பிடணும். காயும் கீரையும் கூட்டணும். கேழ்வரகு, கம்பு என்றாலும் அளவுதான். "கேழ்வரகுக் களிதானே" என்று இரண்டு உருண்டை சாப்பிட்டாலும் சர்க்கரை ஏறும். சாயங்காலம் அரை மணி நேரம் நடை. இரண்டு வாரம் கழித்து, சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் பார்த்தபோது 112. அது 120-க்குக் கீழே இருந்ததால் மாத்திரை, ஊசி இல்லாமலே போயிற்று. 120-க்கு மேல் போனால் மருந்து தருவார்கள். அதற்கும் பயப்பட வேண்டாம், என் இரண்டாவது பிள்ளைக்கு நான் இன்சுலின் போட்டுக்கொண்டவள்தான். அந்தப் பிள்ளை 3 கிலோ 100 கிராம், ஒரு குறையும் இல்லாமல் பிறந்து, உடனே என் பக்கத்தில் படுத்தான். ஓரகத்தி பிள்ளையும் அப்படித்தான். தவழ்ந்து வீட்டையே புரட்டிக்கொண்டிருக்கிறது.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தால், அங்கேதான் நான் இன்னொரு தப்புப் பண்ணினேன். அதையும் மறைக்காமல் சொல்கிறேன். கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தவர்கள், பிரசவம் ஆகி ஆறு வாரத்தில் மறுபடி அதே மாதிரிக் குளுக்கோஸ் தண்ணி குடித்து டெஸ்ட் எடுக்க வேண்டும். அதற்கப்புறம் வருஷா வருஷம் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆறு வாரம் என்பது பிள்ளைக்கு ஒன்றரை மாசத் தடுப்பூசி போடுகிற நாள். சின்னவனைத் தூக்கிக்கொண்டு அதே சப் சென்டருக்குப் போனேன், ஊசி போட்டேன், வந்துவிட்டேன். பிள்ளைக்குச் செய்ய வேண்டியதை எல்லாம் செய்தேன், என்னை மறந்துவிட்டேன். நம் எல்லாருக்கும் இருக்கிற குணம்தானே இது?

ஏழு வருஷம் கழித்து, மக்களைத் தேடி மருத்துவத்தில் வேலை பார்க்கிற நம் குழு அக்கா வீட்டு வாசலில் வந்து ரத்தம் பார்த்தார். 268. இப்போது தினமும் மாத்திரை சாப்பிடுகிறேன். எனக்கு வயது 35. ஒருமுறை கர்ப்பகாலச் சர்க்கரை வந்தவளுக்குப் பிற்காலத்தில் சர்க்கரை நோய் வர வாய்ப்பு அதிகம். அந்தப் பிள்ளைகளுக்கும் வாய்ப்பு கூடுதல். அதனால்தான் என் பொண்ணைச் சாயங்காலம் சைக்கிள் ஓட்ட விடுகிறேன், கலர் தண்ணி வாங்கித் தருவதில்லை. நாளைக்கு அவள் உண்டாகும்போது நான் உயிரோடு நல்லா இருந்து, அவளைக் கையைப் பிடித்து டெஸ்டுக்குக் கூட்டிக்கொண்டு போகணும்.

கடைசியாகக் கூட்டமைப்புக்கு என் வேண்டுகோள்கள்.

ஒன்று. ஒவ்வொரு குழுவும் மாசக் கூட்டத்தில் சந்தா, கடன் தவணை எழுதுகிற மாதிரி, உறுப்பினர் வீட்டில் யார் கர்ப்பம், எத்தனையாவது மாசம், முதல் டெஸ்ட் ஆச்சா, இரண்டாவது டெஸ்ட் ஆச்சா என்று கேட்க வேண்டும். அந்தப் பெண் சம்மதித்தால் நோட்டில் ஒரு வரி எழுதி வைக்கலாம். என்ன ரிசல்ட் வந்தது என்பதை எழுத வேண்டாம், அது அவள் சொந்த விஷயம்.

இரண்டு. வளைகாப்புக்கு நாள் குறிக்கும் முன்னால் இரண்டாவது டெஸ்டுக்கு நாள் குறியுங்கள். 24 வாரம் ஆகாமல் முன்கூட்டியே வளைகாப்பு வைத்தால், அம்மா வீட்டுக்குப் போகும் மூட்டையில் புடவைக்கு மேலே தாய் சேய் அட்டையும் பிக்மி நம்பரும் இருக்கட்டும். பிக்மி நம்பர் உதவித்தொகை வாங்குவதற்கு மட்டும் இல்லை. போன மறுவாரமே அந்த ஊர் நர்சம்மாவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்று. தனியாக அனுப்பாதீர்கள். குழுவில் ஒருத்தி கூடப் போகட்டும். இரண்டு மணி நேரம்தான். என் கூட அன்றைக்கு ஒருத்தர் இருந்திருந்தால், "வா, நாளைக்கு மறுபடி வருவோம்" என்று சொல்லியிருப்பார். அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்திருக்கும்.

நான்கு. அந்த இரண்டு மணி நேரம் கர்ப்பிணி எங்கே உட்காருவாள்? நம் சப் சென்டரில் இரண்டு நாற்காலிதான் இருக்கிறது. ஃபேன் ஓடவில்லை. கழிப்பறைக்குத் தண்ணி இல்லை. உட்கார இடம் இல்லையென்றால், "வீட்டுக்குப் போயிட்டு வர்றேன்" என்று போவார்கள். வீட்டுக்குப் போனால் வேலை பார்ப்பார்கள், டீ குடிப்பார்கள், திரும்பி வர மாட்டார்கள். பெஞ்சு, ஃபேன், குடிதண்ணி, கழிப்பறைத் தண்ணி, இந்த நான்கையும் கேட்டு, குளுக்கோஸ் பாக்கெட்டும் ஸ்ட்ரிப்பும் தீராமல் இருக்க வேண்டும் என்றும் சேர்த்து, அக்டோபர் 2 கிராம சபையில் கூட்டமைப்பு சார்பில் மனு கொடுத்துத் தீர்மானம் போட வைக்க வேண்டும். ஒரு நகல் வட்டார மருத்துவ அலுவலருக்கும் கொடுப்போம். தெருவிளக்குக்கும் ரோட்டுக்கும் மனு கொடுத்து வாங்கினவர்கள்தானே நாம்!

ஐந்து. ஒன்றரை மாச ஊசிக்குப் போகிற அன்றைக்கு, சர்க்கரை இருந்த அம்மாவுக்கும் டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று நர்சம்மாவிடம் முந்தின வாரமே சொல்லி வையுங்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளக் கூட ஒருத்தி போகட்டும்.

நாம் குழு ஆரம்பித்தபோது, "பேங்க் டவுன்ல இருக்கு, நமக்கு எட்டாது" என்றுதான் இருந்தோம். அப்புறம் நம் பத்து ரூபாய், இருபது ரூபாயைப் போட்டு நம் ஊர்ப் பள்ளிக்கூடத் திண்ணையிலேயே கடன் கொடுக்க ஆரம்பித்தோம். பணத்தைப் பக்கத்தில் கொண்டு வந்த மாதிரி இந்த டெஸ்டையும் பக்கத்தில் கொண்டு வருவோம்.

கர்ப்பமாக இருக்கிற தங்கச்சிகள் யாராவது இங்கே இருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னை வந்து பாருங்கள். எந்த நாள் போகணும் என்று சொல்லுங்கள், நான் கூட வருகிறேன்.